முன்வரிசை நாற்காலி

பினாங்கில் இருந்த ஜப்பானியர்கள் ஆண்டுதோறும் புத்தாண்டு அன்று ஒன்றாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படங்களுக்குப் பல வருஷம் நான்தான் பிரேம் போட்டேன். பக்கத்துக் கடை அக்கா படம் எடுக்க ஆரம்பித்த பிறகு வந்த எல்லாப் படத்திலும் முன்வரிசை ஓரத்தில் இருக்கும் முடிவெட்டும் கடைக்காரர் கண்ணை மூடியிருப்பார். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

அவருக்கு அது தீராத வேதனை. காரணம் அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். படம் எடுக்கிற அக்கா, கேமராவின் மூடியைத் திறப்பதற்குச் சற்று முன்னால் தலைகுனிந்து, மிகுந்த மரியாதையோடு அவர் பெயரைச் சொல்லி, "இந்த வருஷமாவது கண்ணை மூடாதீர்கள்" என்பாள். அதைக் கேட்டதும் விழித்துப் பார்க்க முயன்று அவருக்குக் கண்ணில் நீர் முட்டும். இமைகளை இறுக்கிக்கொள்வார். அவர் எப்போதோ ஒருநாள் தன் கடையில் அவளுடைய பழைய வாழ்க்கையைப் பற்றி ஏதோ சொல்லி நாலு பேரைச் சிரிக்கவைத்தாராம். சொன்னது ஒரு தடவை. தண்டனை ஆயுளுக்கும்.

கண்ணைத் திறந்திருப்பதுபோல வரைந்து தர முடியுமா என்று அவர் ஒருமுறை கேட்டார். முகப்பருவையும் அம்மைத் தழும்பையும் படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டிலேயே பென்சிலால் மறைக்கத் தெரிந்தவள் அக்கா.

"வரையலாம்" என்றாள். "ஆனா போன வருஷப் படத்துல மூடியிருக்கே. ஒத்துவராதே."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அது சரிதான் என்று போய்விட்டார். அவள் எனக்கு இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. அவளுடைய பழிவாங்கல்களில் எதிராளி ஒப்புக்கொள்ளாமல் நடந்தது ஒன்றும் கிடையாது.

நான் சிந்த்ரா தெருவில் பிரேம் கடை வைத்தது முதல் உலகப் போர் முடிந்த பிறகு. தேதி விஷயத்தில் நான் கறாரானவன். சந்தேகம் இருந்தால் எழுதாமல் விடுவேன். சீனர்கள் அந்தத் தெருவை ஜப்பான்காரத் தெரு என்றே சொல்வார்கள். ஜப்பானியப் பெண்களை வைத்துத் தொழில் நடத்திய வீடுகள் அங்கே வரிசையாக இருந்தன. அவர்கள் நாட்டு அதிகாரிகளே அவற்றை மூடவைத்த பிறகுதான் எனக்கு அந்தத் தெருவில் கடை கிடைத்தது. பக்கத்துக் கடை ஒரு ஜப்பானியப் புகைப்படக்காரருடையது. அக்கா அவர் மனைவி. பதினைந்து வயதில் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டவள். புகைப்படக்காரர் அவளை மீட்டுக் கல்யாணம் செய்துகொண்டார். இதை அவள் மறைத்ததில்லை. வந்த வருஷத்தைக் கேட்டால் உடனே சொல்வாள்.

நாங்கள் பேசியது சந்தை மலாயும் தமிழும் கலந்த பாஷை. பினாங்கு தெரு செட்டியார் கடைக் கணக்கர்களும், சூலியா தெரு துணிக்கடை மரைக்காயர்களும் படம் எடுக்க வந்து அவளுக்குத் தமிழ் பழக்கிவிட்டார்கள். என்னைத் தம்பி என்பாள். நல்ல வார்த்தைகளைவிட வசவுகள் அவளுக்குச் சுத்தமாக வரும். குட்டையான உருவம். வெள்ளைச் சட்டையில் ரசாயனக் கறை. பிளேட் கழுவிக் கழுவி விரல் நுனி பழுப்பேறியிருக்கும். வாயில் எப்போதும் ஒரு உப்புப் பழம். யாராவது அவசரப்படுத்தினால் அந்தக் கொட்டையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிவிட்டு மெதுவாக, "டுலு தாடா" என்பாள். மலாயில் முன்னே இல்லை என்று அர்த்தம். முன்வழக்கம் கிடையாது, ஆகவே முடியாது.

அது அவளுடைய சொல் அல்ல. அவளிடம் சொல்லப்பட்ட சொல்.

நான் சிறு வயதிலிருந்து பத்திரிகை படிப்பவன். ரஷ்யாவை ஜப்பான் தோற்கடித்த காலத்தில் நம் ஆட்கள் எப்படிக் கொண்டாடினார்கள் என்பது நினைவிருக்கிறது. கிழக்கே ஒரு தேசம் ஒரே தலைமுறையில் தலைகீழாக மாறிவிட்டது, ரயில் விட்டது, போர்க்கப்பல் கட்டியது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அப்படிப்பட்ட மக்கள் பக்கத்துக் கடையில் கிடைத்ததும் ஆவலோடு கவனித்தேன். நான் பார்த்தது வேறு. கப்பலை மாற்ற அவர்கள் தயங்கவில்லை. நாற்காலியை மாற்ற நடுங்கினார்கள்.

புத்தாண்டுப் படத்துக்கு ஒரு விதி இருந்தது. இந்த ஊருக்கு முதலில் வந்தவர் முன்வரிசை நடுவில். அடுத்தடுத்து வந்தவர்கள் அவருக்கு வலமும் இடமுமாக. ஆண்கள் மட்டும். வருஷத்துக்கு ஒரே ஒரு பிளேட். அதே மாமரத்து நிழல், அதே கேமரா. புதுக் கேமரா வாங்கலாம் என்று இளைஞர் ஒருவர் சொன்னதற்கு, முகங்களின் அளவு பழைய படங்களோடு பொருந்தாது என்று மறுத்துவிட்டார்கள். அதனால் ஊரே கண்ணிமைக்கும் நேரத்தில் படம் எடுத்த காலத்திலும் அவர்கள் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலைபோல உட்கார வேண்டியிருந்தது. படத்தில் இருப்பவர் ஜப்பானியர் சங்கத்து வீட்டார். சங்கத்து வீட்டாருக்குத்தான் கப்பல் ஏஜெண்டு ஜப்பான் சரக்கு கொடுப்பார். சங்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் சங்கத்து மாடியில் வகுப்பு.

நான் இதை எண்ணிச் சிரித்ததுண்டு. அப்புறம் நம்மவர்கள் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று வழக்காடியதை நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

படம் எடுக்கிறவர் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவர். ஆகவே அக்காவின் கணவர் எந்த வருஷப் படத்திலும் இல்லை. ஆகவே அவர் சங்கத்தில் இல்லை. அவர்களுக்கு ஒரு மகள். ஏழு வயதானதும் வகுப்பில் சேர்க்கப் போனார்கள். சங்கத் தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். நடு நாற்காலி அவருடையது. விதியைச் சொன்னார்.

"ஒரே ஒரு வருஷம் வேறு யாராவது மூடியைத் திறக்கட்டும், நான் போய் உட்கார்கிறேன்" என்று கணவர் கெஞ்சினார்.

"முன்னே அப்படி இல்லையே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மனைவியின் பழைய வாழ்க்கைதான் உண்மையான காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம் என்பாள் அக்கா. "வழக்கம்னு சொல்லிட்டான் தம்பி. வழக்கத்துக்கு முகம் கிடையாது. எங்க போய் அறையறது?"

மகளை ஜப்பானில் கணவரின் அண்ணன் வீட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள். மருந்துக்கடைக்காரரின் மகளும் அவளும் ஒரே வயது. காக்கி லீமாவில், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடும் நடைபாதையில், இரண்டும் கல் விளையாடுவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஒன்று கப்பலேறியது. மற்றொன்று தனியாகக் கொஞ்ச நாள் விளையாடிவிட்டு வகுப்புக்குப் போயிற்று. அக்கா கடைவாசலில் நின்று அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் திரும்பி வரவில்லை. முதலில் கடிதம் வந்தது, பிறகு நின்றது. கணவர் இறந்தார். சங்கத்தார் யோசித்துவிட்டு, கேமரா மாறக் கூடாது என்பதால், அவளையே படம் எடுக்கச் சொன்னார்கள். ஒரு பெண் படம் எடுப்பதற்கு முன்வழக்கம் உண்டா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் இருப்பவள் கணக்கில் இல்லை.

ஆகஸ்ட் மாதத்தில் அவள் வாளியும் துடைப்பமுமாக ஜப்பானியர் இடுகாட்டுக்குப் போவாள். கல்லில் இருக்கும் வருஷங்களை எழுதிக்கொள்ளும் ஆசையில் நானும் ஒருமுறை கூடப் போனேன். அவர்கள் அரசர் ஆட்சி வருஷக் கணக்கில் எழுதியிருப்பார்கள். அவள் படித்துச் சொல்ல, நான் ஆங்கில வருஷமாக மாற்றினேன். பாதிக்கு மேல் பெண்கள், எல்லாம் சின்ன வயது. சிலருக்குக் கல்கூட இல்லை, மரக்கட்டைதான்.

"இவங்கள்லாம் அந்த மருந்துக்கடைக்காரனுக்கு முன்னாடியே வந்தவங்க" என்றாள் ஒரு கட்டையைத் தேய்த்தபடி. "அவன் தலைச்சுமையா எண்ணெயும் மாத்திரையும் கொண்டாந்து எங்க வீடு வீடாத்தான் வித்தான். அவன் கடை எங்க காசுல எழும்பினது. வந்த வருஷப்படி எங்களை உட்காரவெச்சா அவனுக்கு நாலாவது வரிசைதான் லா."

"அதனாலதான் பொம்பளைங்க கூடாதுன்னு வெச்சிருக்காங்களா அக்கா?"

கொட்டையை மற்றக் கன்னத்துக்கு மாற்றினாள்.

ரப்பர் விலை சரியத் தொடங்கிய சமயத்தில் மருந்துக்கடைக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மகன் இல்லை. மகள்தான் கடையை நடத்தினாள். கெட்டிக்காரி. மலாய், ஹொக்கியென் சீனம் இரண்டும் சரளமாகப் பேசுவாள், பாலிக் புலாவ் தோட்டக்காரர்கள் வரைக்கும் அவளைத் தெரியும். ஆனால் நாற்காலியில் ஆண் இல்லாத வீடு சங்கத்து வீடு அல்ல. அப்பா கண்ணை மூடினால் சரக்கு நிற்கும், கடை மூடும்.

டிசம்பர் மாதம் ஒரு பகலில், நான் அக்காவின் கடையில் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தபோது, அவர் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். மகள் தாங்கிப் பிடித்து உள்ளே அழைத்துவந்தாள். பாதி வாயால் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அக்கா வேண்டுமென்றே மலாயில் கேட்டாள். சாட்சிக்கு நான் ஒருவன் இருக்கட்டும் என்று.

"புரியலையே. என்ன வேணும்?"

மகள் மலாயில் சொன்னாள். "அப்பாவால இந்த வருஷம் உட்கார முடியாது அத்தை. அவர் நாற்காலியில நான் உட்கார்றேன். சங்கத்துல கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. ஆனா நான் போய் உட்கார்ந்து, நீங்களும் பிளேட்டைப் போட்டுட்டா, அப்புறம் அது படத்துல இருக்கும். படத்துல இருந்தா அடுத்த வருஷம் அதுதானே வழக்கம்."

உண்மையில் நல்ல யோசனை. மாறவே பயப்படுகிறவர்களை மாற்ற அதைவிட நல்ல வழி எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. கிழவர் நல்ல கையை மேஜைமேல் ஊன்றிக்கொண்டு தலையைத் தாழ்த்தினார். நெற்றி மேஜையைத் தொட்டது.

அக்கா அவருடைய பின்னந்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கொட்டை கன்னம் மாறியது.

"டுலு தாடா" என்றாள்.

"அத்தை, உங்க கையிலதான் இருக்கு."

"ஆமா. என் கையிலதான் இருக்கு. அதான் சொல்றேன்."

கிழவர் நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. அந்தச் சொல்லை அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்று மட்டும் தெரிந்தது.

அந்த ஜனவரியில் நடு நாற்காலி காலியாக இருந்தது. உயிரோடு இருப்பவரின் இடத்தில் வேறு ஆள் உட்கார வழக்கம் இல்லை. மகள் மாமரத்துக்கு அப்பால் குடையோடு நின்றாள். அந்தப் படத்துக்கும் நான்தான் பிரேம் போட்டேன். வரிசையாக முகங்கள், நடுவில் ஒரு நாற்காலி முதுகு, ஓரத்தில் கண்மூடிய முடிவெட்டுபவர்.

மழைக்காலத்தில் மருந்துக்கடைக்காரர் இறந்தார். சரக்கு நின்றது. மகள் சீன மருந்து வாங்கி விற்றுக் கடையை இழுத்துப் பிடித்தாள்.

அடுத்த புத்தாண்டுக்கு முந்தின நாள் அக்கா என்னிடம், "தம்பி, நாளைக்கு நல்ல கோட்டுப் போட்டுக்கிட்டு வா. எனக்குக் கை வலி. மூடியை நீ திற" என்றாள்.

"எனக்கு எங்கே அக்கா தெரியும்?"

"திறக்கணும், ஆறு எண்ணணும், மூடணும். சமையலைவிடச் சுலபம். ஆனா நான் தலையாட்டின பிறகுதான் திறக்கணும். அதுக்கு முன்னாடி யார் என்ன கத்தினாலும் திறக்காதே."

மறுநாள் மாமரத்தடியில் ஒரு சிக்கல். இறந்தவரின் இடத்துக்கு அடுத்தவர் நகர்ந்து உட்கார வேண்டும். அப்படித்தான் எப்போதும் நடக்கும். அக்கா போன வருஷப் படத்தைக் கொண்டுவந்திருந்தாள். எல்லாருக்கும் காட்டினாள். போன வருஷம் நடுவில் காலி நாற்காலி, அதற்கு வலப்பக்கம் இன்னார், இடப்பக்கம் இன்னார். அதுதானே வழக்கம்? ஆள் செத்தால் நகர்வது உண்டு. ஆனால் காலி நாற்காலி எப்படிச் சாகும்? பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கப்பல் ஏஜெண்டு கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் நாற்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டார்கள். அவள் தலைகுனிந்து நன்றி சொன்னாள்.

பிறகு, உதவிக்கு வந்தவன்போல என்னைக் கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எல்லாரையும் சரிபார்த்தாள். முடிவெட்டுபவரிடம் வழக்கமான மரியாதையோடு வழக்கமானதைச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அசையாதீர்கள்" என்றாள். எல்லாரும் சிலையானார்கள். அத்தனை வருஷப் பழக்கம்.

அவள் கேமராவைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். புல்லைத் தாண்டினாள். காலி நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் கையை வைத்து, என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

நான் மூடியைத் திறந்தேன்.

ஒருவரும் அசையவில்லை. அவள் குறுக்கே நடந்து மறைத்ததில், மூடி எப்போது திறந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அசைந்தவர் முகம் மட்டும் கலைந்து புகையாகிவிடும், மற்றவர்கள் அப்படியே இருப்பார்கள். முகம் இல்லாதவருக்கு அடுத்த வருஷம் எந்த நாற்காலி? அந்தப் பயத்தை அவள் துல்லியமாக அளந்து வைத்திருந்தாள். கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பப் பார்த்துத் திரும்ப முடியாமல் தவித்தன. முடிவெட்டுபவர் ஒருவர்தான் நிம்மதியாக இருந்தார். ஆறு எண்ணினேன். மூடினேன்.

அப்புறம் நடந்த கூச்சலை எழுத வேண்டியதில்லை. இன்னொரு பிளேட் போடு என்றார்கள். வருஷத்துக்கு ஒன்றுதான் என்றாள். பிளேட்டிலிருந்து உன்னைச் சுரண்டி எடு என்று மறுநாள் கடைக்கு வந்து கேட்டார்கள். ஊரெல்லாம் தழும்பையும் பருவையும் அழித்தவள், "சங்கத்துப் படத்துல கை வெச்சதில்லை. டுலு தாடா" என்றாள். அப்போது மட்டும் சிரித்தாள். அவளுக்குப் பல் அவ்வளவு வரிசையாக இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் படத்துக்கு என்னிடம் இருந்ததிலேயே கனமான தேக்குப் பிரேம் கேட்டாள். தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னலில் மாட்டச் சொன்னாள். ஏஜெண்டும் பெரியவர்களும் எதிர்ச்சாரியில் நடக்கத் தொடங்கினார்கள்.

சங்கத்தாரால் அவளை விலக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. மறு புத்தாண்டுக்குள், ஜப்பான் படை சீனாவில் மஞ்சூரியாவைப் பிடித்த விவகாரம் வந்தது. சீனர்கள் ஜப்பான் சரக்கைத் தொடுவதில்லை என்று கட்டுப்பாடு போட்டார்கள். காலம் சரியில்லை, ஆகவே படம் வேண்டாம் என்று சங்கம் தீர்மானித்தது. அதற்குப் பிறகும் வேண்டாம் என்றாகிவிட்டது. காரணமாகச் சொன்னது சீனர்களை. ஒரு நாற்காலியில் ஆள் மாறுவதைவிட, எல்லா நாற்காலியையும் மடக்கி வைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

படம் நின்றுபோன அந்த வருஷத்திலேயே மருந்துக்கடையும் மூடியது. மகள் ஊர் திரும்பக் கப்பலுக்குச் சீட்டு வாங்கியிருந்தாள். பிறந்தது இங்கே, திரும்பப்போவது பார்த்தே இராத ஊருக்கு. போகிற வாரம் அக்காவின் கடைக்கு வந்தாள். நானும் இருந்தேன். ஜன்னலில் இருந்த படத்தை வெளியே நின்று வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"அது அப்பா நாற்காலி" என்றாள், மலாயில்.

"ஆமா."

"அத்தை, அன்னைக்கு நீங்க என்னை உட்கார விட்டிருந்தா, பொம்பளை உட்கார்றது வழக்கம் ஆயிருக்கும். அடுத்த வருஷம் நீங்களும் உட்கார்ந்திருக்கலாம். யாரும் எதிர்ச்சாரியில நடந்திருக்க மாட்டாங்க. படமும் நின்னிருக்காது."

"தெரியும்" என்றாள் அக்கா.

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

அந்தப் பெண் அழவில்லை. பிறகு, "அவகிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். "எங்க ஊர் அவ இருக்கிற ஊருக்குப் பக்கம்தானாம்."

கூடக் கல் விளையாடியவளைத்தான் சொல்கிறாள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அக்காவின் கன்னத்தில் கொட்டை நகரவில்லை. வெகுநேரம் நகரவில்லை. அந்தப் பெண் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். காக்கி லீமாவில் அவளுடைய மரச்செருப்புச் சத்தம் கேட்டு, தேய்ந்து, நின்றது.

"தம்பி" என்றாள் அக்கா, வாசலைப் பார்த்தபடி. "அந்தப் படம் கோணலா இருக்கு. சரியா மாட்டு."

நான் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். கோணல் இல்லை. நூல் பிடித்துத்தான் மாட்டியிருந்தேன். இருந்தாலும் ஆணியைக் கழற்றி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மெதுவாக, மறுபடியும் அதே இடத்தில் அடித்தேன்.